கருப்பைத் தசைநார்க் கட்டியும் அன்றாட வாழ்க்கையும்: யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கான வழிகாட்டி

கருப்பையில் கட்டி இருக்கின்றது என்று ஸ்கான் அறிக்கையில் எழுதப்பட்டதும் எங்கள் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது புற்றுநோயா என்பது ஒன்று. அந்தப் பெண் என்ன செய்ததனால், அல்லது என்ன செய்யாததனால், அது வந்தது என்பது மற்றையது. முதலாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் ஆறுதலானது. பைப்ரொயிட் என்று வைத்தியர்கள் குறிப்பிடும் தசைநார்க் கட்டியானது கருப்பையின் தசைச் சுவரில் தோன்றும், புற்றல்லாத ஒரு வளர்ச்சியாகும். அவ்வாறு கருதப்பட்ட கட்டியொன்று பின்னர் புற்று என்று தெரியவருவது மிகவும் அரிது. இது அபூர்வமான நோயும் அல்ல. அமெரிக்காவில் ஸ்கான் மூலம் பெண்களைப் பரிசோதித்து 2003இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, 50 வயதை அடையும்போது வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 வீதத்தினரிடமும் கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோரிடமும் இக்கட்டி இருந்திருக்கின்றது. அவர்களுள் பலர் எந்தத் தொல்லையையும் உணர்ந்ததில்லை.

இரண்டாவது கேள்வியே அதிக வேதனையைத் தருகின்றது. கல்யாணம் தள்ளிப்போனதனால் வந்தது, பிள்ளை பெறாததனால் வந்தது, வேலைக்குப் போய் நேரத்துக்குச் சாப்பிடாததனால் வந்தது என்று உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிள்ளை பெற்றவர்களிடம் இக்கட்டி ஓரளவு குறைவாகக் காணப்படுகின்றது என்பது உண்மையே. ஆயினும் நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கும் அது வருகின்றது, பிள்ளையில்லாத பலருக்கு வராமலும் போகின்றது. கருப்பைத் தசையிலுள்ள ஒரேயொரு கலத்தில் ஏற்படும் மாற்றத்திலிருந்தே ஒரு கட்டி தொடங்குகின்றது. அக்கலம் பெருகி வளர்வதற்கு ஈஸ்திரோஜன், புரோஜெஸ்திரோன் ஆகிய இரு ஓமோன்களும் துணைபுரிகின்றன. அந்தத் தொடக்கத்தை எந்தப் பெண்ணும் தன் நடத்தையால் வரவழைத்துக்கொள்வதில்லை. வாழ்க்கை முறை தொடுவது அதற்குப் பின்னால் நடப்பவற்றை: உடலில் ஓமோன்களின் அளவு, இன்சுலினின் அளவு, இரத்தக் குழாய்களின் நிலை, விற்றமின் டீயின் இருப்பு என்பவற்றை. ஆகவே கீழே சொல்லப்படுபவை கட்டி வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடிய வழிகள் மட்டுமே. இருக்கும் கட்டியை இவை கரைக்கமாட்டா. இவற்றைச் செய்யாத பெண்ணைக் குற்றவாளியாக்கவும் இவை எழுதப்படவில்லை.

குடும்பத்தில் கேட்டு அறிய வேண்டியவை

முதலில் உங்கள் சொந்த நிலையை அறிந்துகொள்ள வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இக்கட்டி இருந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு உயர்கின்றது. எங்கள் ஊரில் இதனைக் கேட்டறிவது இலகுவான காரியமன்று. மூத்த பெண்கள் பலர் "கர்ப்பப்பை எடுத்தது" என்ற அளவோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். "பெரியம்மா, உங்களுக்கு ஏன் எடுத்தவை? கட்டி எண்டோ, இல்லாட்டி வேற வருத்தமோ?" என்று தனியாக இருக்கும்போது மரியாதையோடு கேட்டால் பெரும்பாலானோர் சொல்வார்கள். அம்மம்மா, சின்னம்மா, அக்கா என்று தாய்வழிப் பெண்களிடம் கேட்டு, யாருக்கு, எத்தனையாவது வயதில், என்ன காரணத்துக்காகச் சிகிச்சை நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வயதில் பெரியபிள்ளை ஆனீர்கள் என்பதையும் அதோடு எழுதிவைப்பது நல்லது. மிக இளவயதில் மாதவிடாய் தொடங்கியவர்களிடம் கட்டி வரும் வாய்ப்பு சற்று அதிகம். 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பெரும்பாலும் இது கண்டறியப்படுகின்றது, மாதவிடாய் முற்றாக நின்ற பின்னர் பொதுவாகச் சுருங்கிவிடுகின்றது. இவற்றுள் எதையும் உங்களால் மாற்ற முடியாது. எவ்வளவு கவனம் தேவை என்பதை இவை சொல்லும்.

எடையும் இடுப்பும் இரத்த அழுத்தமும்

மாற்றக்கூடியவற்றுள் உடல் எடையையே நான் முதலில் வைப்பேன். கொழுப்புத் திசு வெறுமனே சேமிப்பாக இருப்பதில்லை. உடலிலுள்ள வேறு ஓமோன்களை அது ஈஸ்திரோஜனாக மாற்றுகின்றது. எடை கூடும்போது இன்சுலின் உயர்கின்றது. ஈஸ்திரோஜனைப் பிணைத்துவைக்கும் புரதம் இரத்தத்தில் குறைகின்றது. இவையெல்லாம் சேர்ந்து கட்டியின் வளர்ச்சிக்கு ஏற்ற சூழலை உருவாக்குகின்றன.

ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி, அதாவது கிலோகிராமில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்து வரும் எண், 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்றும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டில் கருதியது. கணக்குப் பார்ப்பது சிரமமல்ல. 155 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண்ணுக்கு 23 என்பது ஏறத்தாழ 55 கிலோகிராம், 27.5 என்பது ஏறத்தாழ 66 கிலோகிராம். தராசு இல்லாத வீட்டில் தையல் நாடா போதும்: இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருப்பது நன்று. 66 கிலோகிராமில் இருக்கும் ஒருவர் ஓர் ஆண்டில் நான்கைந்து கிலோவைக் குறைத்து அதனைத் தக்கவைத்துக்கொண்டால் அதுவே பெரிய வெற்றி. பட்டினி கிடந்து இரண்டு மாதத்தில் இளைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்கெனவே இரத்தப்போக்கு அதிகமாக உள்ள பெண்ணுக்குப் பட்டினி இரத்தசோகையையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

உடல் உழைப்பு அதிகமுள்ள பெண்களிடம் கட்டி குறைவாகக் காணப்படுகின்றது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் சைக்கிளிலேயே போய்வந்தார்கள். இன்று ஸ்கூட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. பக்கத்துக் கடைக்கும் கோயிலுக்கும் நூலகத்துக்கும் மட்டுமாவது சைக்கிளைத் திரும்ப எடுத்தால், பயிற்சிக்கென்று தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. சமதரையான எங்கள் குடாநாட்டைப்போல் சைக்கிளுக்கு வசதியான இடம் குறைவு. வீட்டு வேலை முழுவதையும் செய்யும் பெண், "நான் நாள் முழுக்க ஓடித்தானே திரிகிறேன்" என்று சொல்வது நியாயமே. எனினும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது இதயத்தைப் போதிய அளவு வேகப்படுத்துவதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் தோட்டத்தில் மண் கொத்துவதும் கணக்கில் சேரும்.

இரத்த அழுத்தத்தை இங்கே சேர்த்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்கத் தாதியரை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வில், கீழ் அழுத்தம், அதாவது பிறசர் அளவில் இரண்டாவதாகச் சொல்லப்படும் எண், ஒவ்வொரு 10 அலகு உயரும்போதும் கட்டி கண்டறியப்படும் வாய்ப்பு 8 முதல் 10 வீதம் வரை கூடியிருந்தது. அழுத்தம் கருப்பைத் தசையைச் சேதப்படுத்துவது காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். காரணம் எதுவாயினும் பிறசர் பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை. 30 வயதைத் தாண்டிய பெண் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பை நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள், அடக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகிய நான்கும் ஒரே சாப்பாட்டில் சேராமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாப்பாட்டுக் கோப்பையில் இடம் மாற்றுதல்

இத்தாலியில் 1999இல் வெளியான ஆய்வொன்று, மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சிப் பதனங்களும் அதிகமாக உண்ட பெண்களிடம் கட்டி கூடுதலாகவும், பச்சை மரக்கறியும் பழங்களும் மீனும் அதிகமாக உண்டவர்களிடம் குறைவாகவும் இருந்ததைக் கண்டது. பழங்கள் பற்றி, குறிப்பாகத் தோடை வகைப் பழங்கள் பற்றி, பின்னர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வும் ஒத்த முடிவையே தந்தது. இவை ஒரு தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, கீரை தின்றால் கட்டி வராது என்று உறுதி சொல்லவில்லை. அவ்வளவு தெரிந்துகொண்டு, நம் கோப்பையைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துச் சமையலில் நல்ல பொருட்களுக்குக் குறைவில்லை. குறை அளவில் இருக்கின்றது. காலையில் இடியப்பம், மதியம் குவியலாகச் சோறு, மாலையில் தேநீரோடு பணிஸ், இரவில் புட்டு என்று ஒரு நாள் முழுவதும் மாப்பொருளாகவே போய்விடுகின்றது. வறையும் கீரையும் ஒரு கரண்டியளவில் ஓரத்தில் கிடக்கின்றன. அந்த அளவை மாற்றுவதுதான் செய்ய வேண்டிய வேலை. கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கி, கால் பங்கில் சோற்றையும் மற்றைய கால் பங்கில் மீன், முட்டை, பருப்பு, கடலை என்பவற்றுள் ஒன்றையும் வையுங்கள். இரவுக்கு இரண்டு குழல் புட்டு வழக்கமென்றால் அதை ஒன்றாக்கி, அந்த இடத்தில் முருங்கையிலை வறையை நிறையப் போடுங்கள். அரிசிமாவுக்குப் பதிலாகக் குரக்கன் மா கலந்தால் இன்னும் நல்லது. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, அகத்தி, முளைக்கீரை என்று கிழமைக்குள் மாற்றி மாற்றிச் செய்யலாம். முருங்கை நிற்காத வளவு இங்கே குறைவு. பிடுங்கி உருவும் பொறுமைதான் வேண்டும். அந்தப் பொறுமையை வீட்டிலுள்ள ஆண்களும் காட்டினால் பெண்ணின் கோப்பையில் கீரை தவறாது.

ஒடியற்கூழை இங்கே தனியாகச் சொல்ல விரும்புகின்றேன். மீன், இறால், நண்டு, பயற்றங்காய், முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் சேரும் அந்த உணவில் மா குறைவு, மற்றவை அதிகம். விருந்தாளி வரும் நாளுக்கென்று அதை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. ஆட்டிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் முற்றாக விலக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிழமையில் ஒருநாளுக்கு அவற்றை மட்டுப்படுத்தி, சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சிகளைத் தவிர்த்து, மற்ற நாட்களில் சூடை, கும்பளா போன்ற மீன்களை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்ற வழக்கம் இருக்கும் வீடுகளில் இது ஏற்கெனவே பாதி நடக்கின்றது. பழத்துக்கு விலை உயர்ந்த அப்பிள் தேவையில்லை. கொய்யா, பப்பாசி, தோடம்பழம், நெல்லி ஆகியவற்றுள் கிடைப்பது போதும்.

பாலும் தயிரும் கட்டியை வளர்க்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். கிடைத்துள்ள ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதரவாக இல்லை. சோயாமீற் பற்றியும் அப்படியே: வளர்ந்த பெண் வழக்கமான அளவில் உண்பதனால் கட்டி வருகின்றது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. தேநீருக்கும் கோப்பிக்கும் கட்டியோடு தெளிவான தொடர்பு காணப்படவில்லை, எனினும் தேநீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதை நிறுத்த வேண்டும். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதை அது தடுக்கின்றது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய்ச் சாறு பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். மதுபானம், குறிப்பாக பியர், கட்டியின் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரிகின்றது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

வெயிலை நாடுதல்

விற்றமின் டீக்கும் இக்கட்டிக்கும் இடையிலான தொடர்பு அண்மைக்கால ஆய்வுகளில் மிகவும் கவனிக்கப்படுகின்றது. ஆய்வுகூடத்தில் கட்டியின் கலங்கள் பெருகுவதை இந்த விற்றமின் மந்தப்படுத்துகின்றது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 35 முதல் 49 வயது வரையான 1,036 பெண்களிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் போதிய விற்றமின் டீ உள்ளவர்களிடம் கட்டி இருக்கும் வாய்ப்பு 32 வீதம் குறைவாக இருந்தது; நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருப்பதாகச் சொன்னவர்களிடமும் அது குறைவாகவே இருந்தது.

ஆண்டு முழுவதும் வெயில் எரிக்கும் ஊரில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்று கேட்கலாம். வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர், கறுத்துவிடுவோம் என்று குடையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வாசலைத் தாண்டாதவர், உடலை மூடும் உடை அணிபவர் ஆகிய எல்லோருக்கும் குறைபாடு வரலாம். கறுத்த தோல் இந்த விற்றமினை உருவாக்க வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் எடுப்பதும் சேர்ந்துகொள்கின்றது. கிழமையில் சில நாட்களாவது முகம், கைகள், கால்கள் மீது வெயில் படும்படி முற்றத்தில் அரை மணித்தியாலம் இருங்கள்; எரிவு தோன்றுமுன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். முட்டை மஞ்சட்கருவும் கொழுப்புள்ள மீன்களும் கொஞ்சம் உதவும். அளவு கூடிய மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் வாங்கி விழுங்குவது தவறு. இந்த விற்றமின் உடலில் தேங்கி நச்சாகக்கூடியது.

மருந்துகள், பொடிகள், தலைமுடி

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாவித்ததால் கட்டி வந்தது என்ற பேச்சுக்கு உறுதியான அடிப்படை இல்லை. டெப்போ எனப்படும் கருத்தடை ஊசியைப் பாவித்தவர்களிடம் கட்டி குறைவாகவே காணப்பட்டுள்ளது. அதற்காக மட்டும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில்லை, முறையைத் தெரிவுசெய்யும்போது வைத்தியரிடம் கேட்கலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கும் கேதார கௌரி விரதத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கும் வழக்கம் எங்களிடையே பரவலாக உள்ளது. அது கட்டியை உருவாக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஓமோன் மருந்து. ஏற்கெனவே கட்டி உள்ளவரோ, இரத்தம் உறையும் நோய் உள்ளவரோ வைத்தியரைக் கேளாமல் அதை எடுக்கக் கூடாது. அடிக்கடி எடுத்தால் உங்கள் இரத்தப்போக்கின் இயல்பான ஒழுங்கு எது என்பதும் தெரியாமல் போகும்.

கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி வட்ஸ்அப்பில் விற்கப்படும் பொடிகளையும் கசாயங்களையும் தவிருங்கள். அவற்றில் என்ன இருக்கின்றதென்று தெரியாது, காலமும் வீணாகும். சித்த மருத்துவத்தை நாடுபவர் பதிவுபெற்ற வைத்தியரிடம் ஸ்கான் அறிக்கையோடு போக வேண்டும். முடியை நேராக்கும் இரசாயனங்களைப் பாவித்தவர்களிடம் கட்டி கூடுதலாகக் காணப்பட்டது என்ற எச்சரிக்கை, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. அடிக்கடி பாவிப்பவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது.

மாதவிடாயைக் குறித்துவைத்தல்

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதையே எடுங்கள் என்பேன். நாட்காட்டி ஒன்றில் மாதவிடாய் தொடங்கிய நாள், நின்ற நாள், நாளுக்கு எத்தனை பாட் மாற்றினீர்கள், கட்டி கட்டியாக இரத்தம் போனதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா என்பவற்றை எழுதுங்கள். ஏழு நாட்களுக்கு மேல் போவதும், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாட் நனைந்துவிடுவதும் இயல்பல்ல. "எங்கட அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று தாயும் மகளும் ஆண்டுக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. இருவருக்கும் கட்டி இருப்பதே அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். அடிவயிற்றில் பாரம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், நாரி நோவு, கரு தங்காமை ஆகியனவும் கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். படியேறும்போது மூச்சு வாங்கினால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இரத்தசோகை, அதற்கு உணவு மட்டும் போதாது, இரும்பு மாத்திரை தேவைப்படும்.

எங்கே போவது

பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் பிறசர், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் இலவசமாகச் செய்யப்படுகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் அங்கே போவதைத் தவறவிடாதீர்கள். அங்கு ஸ்கான் செய்யாவிட்டாலும் உங்கள் குறிப்பைக் காட்டினால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். நாள் தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். பெண்ணோயியல் வைத்தியரைக் காண யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, தெல்லிப்பழை, பருத்தித்துறை போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கோ வழிப்படுத்துவார்கள். நெடுந்தீவு போன்ற இடங்களிலிருந்து படகேறி வருபவர்கள் முன்னரே நாளை உறுதிசெய்து, எல்லா அறிக்கைகளையும் ஒரே கோவையில் கொண்டுவந்தால் இரண்டாவது பயணத்தைத் தவிர்க்கலாம்.

கல்யாணம் ஆகாத பெண்கள் உட்பரிசோதனைக்கு அஞ்சியே பல ஆண்டுகள் போகாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயிற்றின் மேலாகவே ஸ்கான் செய்யலாம். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிறைத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அறிக்கை கையில் கிடைத்ததும் கட்டியின் அளவோடு அது இருக்கும் இடத்தையும் கேளுங்கள். கருப்பையின் உட்பக்கமாகத் துருத்தும் சிறிய கட்டியொன்று, வெளிப்பக்கமாக வளர்ந்த பெரிய கட்டியைவிட அதிக இரத்தப்போக்கைத் தரக்கூடும். கட்டி என்றதும் கருப்பையை எடுக்க வேண்டும் என்பதில்லை: தொல்லை இல்லாவிட்டால் கண்காணிப்பு, இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துகள், கருப்பைக்குள் வைக்கும் ஓமோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றும் அறுவை என்று பல வழிகள் உள்ளன. எது பொருந்தும், அடுத்த ஸ்கான் எப்போது என்பவற்றை வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், ஒவ்வொரு மணித்தியாலமும் பாட் நனைந்து தலை சுற்றினாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. முன்னையதற்கு அந்தக் கிழமைக்குள்ளும், பின்னையதற்கு அன்றே, அந்த வேளையிலேயே, வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.